ஸ்டீபன் ஹாக்கிங்: மனஉறுதி மட்டுமே போதுமா?

1963-ஆம் ஆண்டின் தொடக்கம். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த 21 வயது மாணவர் ஒருவரை மருத்துவமனையில் இரண்டு வாரம் வைத்துச் சோதித்தார்கள். கையிலிருந்து தசைத் துணுக்கை வெட்டி எடுத்தார்கள். உடம்பில் மின்முனைகளைச் செருகினார்கள். முதுகுத்தண்டில் சாயம் ஏற்றி எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். கடைசியில் தெரிந்தது மோட்டார் நியூரான் நோய். மருந்து கிடையாது. மிஞ்சிப் போனால் இரண்டு, மூன்று ஆண்டுகள் என்றார்கள்.

அந்த மாணவர்தான் ஸ்டீபன் ஹாக்கிங். 2018 மார்ச் 14 அன்று, தம் 76-ஆவது வயதில் கேம்பிரிட்ஜில் இருந்த தம் வீட்டில் காலமானார். மருத்துவர்கள் கொடுத்த கெடுவைத் தாண்டி அரை நூற்றாண்டுக்கும் மேல் வாழ்ந்தார். கருந்துளைகளைப் பற்றி உலகம் எண்ணிவந்ததை மாற்றினார். மூன்று பிள்ளைகளுக்குத் தந்தையானார். நியூட்டன் ஒரு காலத்தில் வகித்த லூகாசியன் பேராசிரியர் பதவியில் 1979 முதல் 2009 வரை இருந்தார். ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற அறிவியல் நூலை எழுதினார். அவர் அஸ்தி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், நியூட்டனுக்கும் டார்வினுக்கும் அருகே வைக்கப்பட்டிருக்கிறது.

எப்படி முடிந்தது? நம் ஊர்ப் பள்ளிச் சுவர்களும் தன்னம்பிக்கை நூல்களும் மேடைப் பேச்சுகளும் இதற்கு ஒரே பதிலைத்தான் சொல்கின்றன: மனஉறுதி. அது பொய்யில்லை. ஹாக்கிங்கின் பிடிவாதம் அவரை அறிந்தவர்கள் பலரும் சொன்ன குணம். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் இதே நோயில் மூன்றே ஆண்டில் இறந்துபோன ஆயிரக்கணக்கானோருக்கு மனஉறுதி போதவில்லை என்று ஆகிவிடும். அது பெரிய அநியாயம். ஹாக்கிங்கை உண்மையாக நினைவுகூர வேண்டுமானால், அவர் வாழ்க்கையைத் தாங்கிப் பிடித்த அனைத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உடல் ஒவ்வொன்றாய்க் கைவிட்டபோது

மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்தபடி தசைகளுக்கு ஆணையிடும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவதே இந்த நோய். ஆணை வராத தசை மெலிந்து செயலிழக்கும். நடை போகும், கை போகும், பேச்சு போகும், விழுங்குவது சிரமமாகும், கடைசியில் மூச்சு விடும் தசைகளும் தளரும். பெரும்பாலானவர்களுக்கு நோய் தெரிந்ததிலிருந்து மரணம் வரை இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள்தான். ஹாக்கிங்கின் நோய் இளவயதில் தொடங்கி மிக மெதுவாக நகர்ந்தது. அது அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அவருடைய அறிவாற்றலை நோய் தொடவில்லை. அதுவும் அதிர்ஷ்டம்தான்.

ஆனாலும் இழப்பு நின்றபாடில்லை. அறுபதுகளில் கைத்தடி, பிறகு ஊன்றுகோல், அதற்குப் பின் சக்கர நாற்காலி. எழுதும் கை போனது. எழுபதுகளில் பேச்சு குழறி, நெருங்கிப் பழகியவர்களுக்கு மட்டுமே புரியும்படி ஆனது. 1985-இல் குரல் முழுவதுமாகப் போய்விட்டது. ஒவ்வோர் இழப்புக்கும் ஏதோ ஒரு மாற்று ஏற்பாடு தேவைப்பட்டது. அந்த ஏற்பாட்டை யாரோ ஒருவர் செய்துகொடுத்தார்.

புகழ் வருவதற்கு முன்பே

நோய் தெரிந்தபோது ஹாக்கிங் ஒரு சாதாரண ஆய்வு மாணவர். ஆக்ஸ்ஃபோர்டில் இளநிலைப் படிப்பை அதிகம் உழைக்காமலே முடித்தவர். கேம்பிரிட்ஜில் அவர் விரும்பிய வழிகாட்டி, அன்றைய நட்சத்திர வானியலாளர் ஃபிரெட் ஹாயில். கிடைத்தவர் டென்னிஸ் சியாமா. அந்த ஏமாற்றமே அவருக்கு நல்லதாக முடிந்தது. சியாமா மாணவர்களுக்கு நேரம் ஒதுக்கியவர். வாழ்நாள் முடியப்போகிறது என்று சொல்லப்பட்ட மாணவரை ஒதுக்காமல் வேலையில் ஈடுபடுத்தினார்.

அதே சமயத்தில் வாழ்க்கைக்குள் வந்தவர் ஜேன் வைல்ட். எதிர்காலம் என்னவென்று தெரிந்தே 1965 ஜூலையில் அவரை மணந்தார். திருமணம் செய்துகொள்ள வேலை வேண்டும், வேலைக்கு ஆய்வேட்டை முடிக்க வேண்டும். வாழ்க்கையிலேயே முதல்முறையாக உழைக்கத் தொடங்கியது அப்போதுதான் என்று பின்னாளில் ஹாக்கிங் பலமுறை சொன்னார். கான்வில் அண்ட் கீஸ் கல்லூரி அவருக்கு ஆய்வாளர் பதவி தந்தது. எத்தனை ஆண்டு இருப்பார் என்று யாருக்கும் தெரியாத 23 வயது இளைஞருக்குக் கிடைத்த பதவி அது.

எல்லாமே சுலபமாகவும் நடக்கவில்லை. நடந்துபோகும் தூரத்தில் வீடு தேட உதவுங்கள் என்று கேட்டபோது, ஆய்வாளர்களுக்கு வீடு ஏற்பாடு செய்வது கல்லூரி வழக்கமில்லை என்று நிர்வாகம் கையை விரித்தது. ஜேனும் அவரும் தாங்களே தேடி, துறைக்கு அருகில் ஒரு சின்ன வீட்டைப் பிடித்தார்கள். 1974-75-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம் அவரை அழைத்தபோதுதான் வேறொரு உலகம் தெரிந்தது. மின்சாரச் சக்கர நாற்காலி கிடைத்தது. கட்டடங்களில் சாய்வுதளங்கள் இருந்தன. ஒருவர் தூக்கிவிடாமலே தானாக ஓரிடத்துக்குப் போகலாம். கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிய பின் அந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. கல்லூரி இம்முறை தரைத்தளக் குடியிருப்பைத் தந்தது. ஆய்வு மாணவர்கள் வீட்டிலேயே தங்கி, ஆய்வோடு அன்றாட உதவிகளையும் பார்த்துக்கொண்டார்கள். நகரத்தின் நடைபாதைகளிலும் பொதுக் கட்டடங்களிலும் சக்கர நாற்காலிக்கு வழி வேண்டும் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து போராடினார்கள்.

பேனா பிடிக்காத கணிதம்

கை போனால் இயற்பியலாளர் என்ன செய்வார்? பக்கம் பக்கமாகச் சமன்பாடுகளை எழுதிப் பார்க்காமல் பொதுச் சார்பியலில் ஓர் அடியும் நகர முடியாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஹாக்கிங் வடிவங்களால் சிந்திக்கப் பழகினார். காலவெளியின் வளைவுகளையும் பரப்புகளையும் மனத்திலேயே வரைந்து, திருப்பி, ஒட்டிப் பார்த்தார். நீண்ட கணக்குகளைச் சக ஆய்வாளர்களும் மாணவர்களும் எழுதினார்கள்.

1965-இல் ரோஜர் பென்ரோஸ், இடிந்து சுருங்கும் விண்மீனுக்குள் இயற்பியல் விதிகளே செல்லாமல் போகும் ஒரு நிலை தவிர்க்க முடியாதது என்று நிறுவினார். ஹாக்கிங் அந்தத் தர்க்கத்தின் காலத்தைத் தலைகீழாகத் திருப்பி, பிரபஞ்சத்தின் தொடக்கத்துக்குப் பொருத்தினார். 1970-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம், பெருவெடிப்புக்குக் கணித அடித்தளம் தந்தது. இந்தத் தேற்றங்களின் நடுவில் இருப்பது கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி 1955-இல் வெளியிட்ட சமன்பாடு. இன்னும் பின்னால் போனால் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் வருகிறார். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, 19 வயதில் அவர் போட்ட கணக்குதான், இறக்கும் விண்மீன் எந்த எடைக்கு மேல் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது என்பதைச் சொன்னது. கருந்துளை ஆய்வின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

1970 நவம்பரில் ஓர் இரவு. மகள் லூசி பிறந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. ஹாக்கிங் படுக்கைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு அது நெடுநேரம் பிடிக்கும் வேலை. அந்த நேரத்தில்தான் ஒரு விஷயம் பிடிபட்டது: கருந்துளையின் எல்லைப் பரப்பு ஒருபோதும் குறையாது. இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானால், புதிதாக உருவாகும் கருந்துளையின் பரப்பு முந்தைய இரண்டின் கூட்டுத்தொகைக்குக் குறையாமல் இருக்கும்.

அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்த ஜேக்கப் பெக்கன்ஸ்டைன், அந்தப் பரப்பு வெப்ப இயக்கவியலில் வரும் என்ட்ரோப்பியின் (ஒழுங்கின்மையின்) அளவுதான் என்றார். ஹாக்கிங்குக்கு எரிச்சல் வந்தது. என்ட்ரோப்பி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும், வெப்பநிலை இருந்தால் கதிர்வீச்சு இருக்க வேண்டும். எதையும் வெளியே விடாத கருந்துளை எப்படிக் கதிர்வீசும்? 1973-இல் மாஸ்கோவில் இயற்பியலாளர்கள் செல்டோவிச், ஸ்டாரோபின்ஸ்கி ஆகியோரைச் சந்தித்துத் திரும்பியவர், குவாண்டம் விதிகளைக் கருந்துளையின் விளிம்புக்குப் பொருத்திக் கணக்கிட்டார். விடை அவருக்கே எதிராக வந்தது. கருந்துளை கதிர்வீசுகிறது. பெக்கன்ஸ்டைன் சொன்னது சரி. 1974 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார். அதே ஆண்டு, 32 வயதில், ராயல் சொசைட்டி உறுப்பினரானார். தாம் மறுக்கப் புறப்பட்டதைத் தம் கணக்கே நிரூபித்தபோது, கூச்சமின்றி ஏற்றுக்கொண்ட அந்த நேர்மைதான் அவருடைய அறிவியலின் உச்சம்.

சூரியன் அளவு எடையுள்ள கருந்துளையின் வெப்பநிலை, கெல்வின் அளவில் ஒரு டிகிரியின் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. விண்வெளியின் பின்னணி வெப்பமோ 2.7 கெல்வின். அவ்வளவு மெல்லிய கதிர்வீச்சை இன்றுவரை எந்தக் கருவியாலும் பார்க்க முடியவில்லை. அதனால் நோபல் பரிசும் வரவில்லை. ஆனால் படுக்கைக்குப் போகும்போது தோன்றிய பரப்புத் தேற்றம் வென்றிருக்கிறது. 2025 ஜனவரி 14 அன்று லைகோ கருவிகள் பதிவுசெய்த ஈர்ப்பலையில், மோதுவதற்கு முன் இரு கருந்துளைகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2.4 லட்சம் சதுர கிலோமீட்டர், மோதிய பின் சுமார் 4 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பரப்பு குறையவில்லை. அந்த முடிவைப் பார்க்க ஹாக்கிங் இல்லை.

கடன் வாங்கிய குரல்

1985 கோடையில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்துக்குப் போயிருந்தபோது நிமோனியா தாக்கியது. செயற்கைச் சுவாசத்தில் நினைவின்றிக் கிடந்தார். கருவியை நிறுத்திவிடலாமா என்று மருத்துவர்கள் கேட்டார்கள். ஜேன் மறுத்தார். விமானத்தில் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்து, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் போய்விட்டது.

அதன்பின் சில காலம் அவர் பேசியது புருவத்தால். எதிரே ஒருவர் எழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் காட்டுவார். வேண்டிய எழுத்து வந்ததும் ஹாக்கிங் புருவத்தை உயர்த்துவார். கருந்துளைகளின் வெப்ப இயக்கவியலை இந்த வழியில் யாரோடு விவாதிப்பது?

கலிஃபோர்னியாவில் வால்ட் வோல்டோஸ் என்பவர், இதே நோயால் பேச்சிழந்த தம் மாமியாருக்காக ஒரு கணினி நிரலை எழுதியிருந்தார். திரையில் சொற்களின் மேல் ஒளிக்குறி நகரும். வேண்டிய சொல் வரும்போது விரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்த நிரல் ஹாக்கிங்குக்கு வந்து சேர்ந்தது. டேவிட் மேசன் என்ற பொறியாளர் கணினியையும் குரல் கருவியையும் சக்கர நாற்காலியோடு இணைத்துக் கொடுத்தார். நிமிடத்துக்கு 15 சொற்கள் வரை பேச முடிந்தது.

உலகம் ஹாக்கிங்கின் குரலாக அறிந்த அந்த இயந்திரக் குரல், உண்மையில் டென்னிஸ் கிளாட் என்ற எம்.ஐ.டி. ஆய்வாளரின் குரலை ஆதாரமாகக் கொண்டது. பேச்சொலியைக் கணினியால் உருவாக்குவதில் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். 1988-இல் புற்றுநோயால் இறந்துபோனார். அந்த ஆண்டுதான் ஹாக்கிங்கின் 'காலத்தின் சுருக்கமான வரலாறு' வெளிவந்தது. பிற்காலத்தில் எத்தனையோ மேம்பட்ட குரல்கள் வந்தும் ஹாக்கிங் மாற்றிக்கொள்ளவில்லை. அது தம் குரல் என்றார்.

கையும் முழுதாகச் செயலிழந்தபோது, கன்னத் தசையின் சிறு அசைவை மூக்குக் கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி பிடித்தது. அதுவும் தளர்ந்து, நிமிடத்துக்கு ஒரு சொல் என்ற நிலை வந்தது. இன்டெல் நிறுவனத்தின் லாமா நாக்மன் தலைமையிலான குழு, பல ஆண்டுகள் அவரோடு உட்கார்ந்து புதிய மென்பொருளை உருவாக்கியது. 2015-இல் அதன் மூலநிரலை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டார்கள். ஒருவருக்காகத் தொடங்கிய வேலை உலகத்துக்குப் பொதுவானது.

செலவை யார் ஏற்றார்கள்?

மேடைப் பேச்சுகளில் வராத கேள்வி இது. 1985-க்குப் பிறகு ஹாக்கிங்குக்கு 24 மணி நேரமும் செவிலியர் தேவைப்பட்டார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அவரைக் காப்பாற்றியது. ஆனால் வீட்டிலேயே முழுநேரச் செவிலியர் வைக்க அதனிடம் வழியில்லை. காப்பகத்தில் சேர்ப்பதா என்ற கேள்வி எழுந்தது. ஜேன் பல அமைப்புகளுக்கு எழுதினார். அமெரிக்காவின் மெக்ஆர்தர் அறக்கட்டளை பணம் தர முன்வந்தது. அந்த உதவி கிடைக்காமல் போயிருந்தால், உலகம் கொண்டாடிய அந்த நூல் முடிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

2009-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று, ஹாக்கிங் போன்றவர் பிரிட்டனில் இருந்திருந்தால் அந்நாட்டு அரசு மருத்துவம் அவரைக் கைவிட்டிருக்கும் என்று எழுதியது. அவர் பிரிட்டனில் பிறந்து வளர்ந்தவர் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. என்.எச்.எஸ். இல்லாவிட்டால் தாம் உயிரோடு இருந்திருக்க மாட்டேன் என்று ஹாக்கிங் பதில் கொடுத்தார். கடைசி ஆண்டுகளில் அந்தச் சேவை தனியார் கைக்குப் போகக் கூடாது என்று அரசை எதிர்த்து நீதிமன்ற வழக்கிலும் சேர்ந்தார்.

ஜேன் கொடுத்த விலையையும் சொல்லாமல் விட முடியாது. மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, உண்ண வைப்பதிலிருந்து உடுத்துவது வரை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டவர் அவர். இடைக்கால ஸ்பானியக் கவிதையில் தம் சொந்த முனைவர் பட்ட ஆய்வை நீண்ட காலம் இழுத்தே முடிக்க முடிந்தது. 1990-இல் இருவரும் பிரிந்தார்கள், 1995-இல் மணவிலக்கு ஆனது. குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால் அந்தச் சுமையை ஒரே பெண்ணின் தோளில் ஏற்றிவிட்டு, அதைத் தியாகம் என்று புகழ்வது நமக்கும் பழக்கமானதுதான். ஜேன் தம் நினைவுநூலில் அந்தக் களைப்பையும் தனிமையையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பராமரிக்கிறவருக்கும் ஓய்வும் உதவியும் வேண்டும் என்பது அந்த நூல் சொல்லும் பாடம்.

டெல்லியில் போட்ட மரப்பலகைகள்

2001 ஜனவரியில் ஹாக்கிங் இந்தியா வந்தார். மும்பையில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் நடத்திய மாநாட்டில் கலந்துகொண்டார். தம் 59-ஆவது பிறந்தநாளை அங்கேயே கொண்டாடினார். பிறகு டெல்லி. அவர் குதுப்மினார் போன்ற நினைவுச் சின்னங்களைப் பார்க்க விரும்பினார். அங்கெல்லாம் சக்கர நாற்காலி ஏற வழியில்லை. அவசர அவசரமாக மரத்தாலான தற்காலிகச் சாய்வுதளங்கள் போடப்பட்டன.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக இந்தியாவில் முன்னணியில் நின்று போராடிய ஜாவேத் அபிதி, தாமும் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். ஹாக்கிங்குக்குச் செய்ய முடிந்ததை ஏன் இந்நாட்டுக் குடிமக்களுக்குச் செய்யவில்லை என்ற கேள்வியை அவரும் அவரோடு இருந்தவர்களும் விடாமல் எழுப்பினார்கள். அபிதி 2018 மார்ச் 4 அன்று இறந்தார். பத்தே நாளில் ஹாக்கிங்கும் போனார்.

இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜில் சியாமாவின் அக்கறையும் கல்லூரிப் பதவியும் கிடைத்தபோது ஹாக்கிங் யார் என்று உலகத்துக்குத் தெரியாது. டெல்லியில் சாய்வுதளம் வந்தபோது அவரைத் தெரியாதவர்களே இல்லை. முதலாவது ஒரு மாணவரை விஞ்ஞானியாக்கியது. இரண்டாவது ஒரு விருந்தினருக்கு மரியாதை செய்தது. நமக்குத் தேவை முதலாவதுதான்.

உரிமையாகத் தர வேண்டியது

2011-இல் உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் இணைந்து, உலகில் நூறு கோடிக்கும் அதிகமானோர் ஏதோ ஒரு குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்று கணக்கிட்டு அறிக்கை வெளியிட்டன. அதற்கு முன்னுரை எழுதியவர் ஹாக்கிங். தமக்கு முதல்தர மருத்துவமும் உதவியாளர்களும் ஏற்ற வீடும் பணியிடமும் அமைந்தன, பெரும்பாலானோருக்கு அவை இல்லை என்பதை அவர் அதில் தெளிவாகச் சொன்னார். தம் வெற்றியைத் தம் மனவலிமைக்கு மட்டுமே உரியதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. பொதுக் கட்டடங்களிலும் போக்குவரத்திலும் தடையற்ற வழி வேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. ஆனாலும் பிள்ளையால் படியேற முடியாததால் வகுப்பை மாற்றித் தரும்படி கெஞ்சும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். கழிப்பறைக்குப் போக முடியாது என்பதால் பள்ளியையே விட்டுவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஹாக்கிங் ஆக வேண்டியதில்லை. எழுத்தராகவோ ஆசிரியராகவோ கடைக்காரராகவோ நிம்மதியாக வாழ்ந்தால் போதும். மேதை என்று நிரூபித்த பிறகு தரும் பரிசு அல்ல சாய்வுதளம். பிறந்த ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை அது.

ஹாக்கிங்கை மதிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியை, நீங்கள் போகும் வங்கியை, ஊராட்சி அலுவலகத்தை, வாக்குச்சாவடியை ஒருமுறை பாருங்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் யாருடைய உதவியுமின்றி உள்ளே போய், வேலையை முடித்து, கழிப்பறையையும் பயன்படுத்தித் திரும்ப முடியுமா? முடியாது என்றால் தலைமையாசிரியரிடமும் மேலாளரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் கேளுங்கள். எழுதிக் கொடுங்கள், செய்து முடிக்கும் வரை விடாதீர்கள்.